புதன்கிழமை போணி

கணவர் இறந்த பிறகு நான் கடைக்குப் போகும் நேரம் மாறியது. யாரும் மாற்றச் சொல்லவில்லை, நானாகவே மாற்றிக்கொண்டேன். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் கீரை விற்கும் அம்மாவுக்குப் பல வருடங்களாகப் பெரும்பாலும் என் கைதான் போணி. அன்றைய முதல் விற்பனை நல்ல கையால் நடந்தால் சரக்கு தங்காது என்பது இங்கே கடை போடுகிற எல்லோருடைய நம்பிக்கையும். காரியமெல்லாம் முடிந்து வெறும் நெற்றியோடு நான் போய் நின்ற முதல் காலை, அந்த அம்மா கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளிப்பதில் மும்முரமாகிவிட்டார். இரண்டு முறை கேட்டும் அவர் காதில் விழவில்லை. எனக்குப் பின்னால் வந்த பெண்ணுக்கு விற்றுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். அன்றிலிருந்து பள்ளி விட்டு வரும்போது, மாலையில்தான் காய் வாங்குவேன். எல்லோரும் பொறுக்கிப் போட்ட கத்தரிக்காயைத் தின்னப் பழகினேன். நான் சாந்தோமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாணயத்தைச் சுண்டினால் பூ விழுவதற்கும் தலை விழுவதற்கும் சுண்டுகிற விரல் காரணமில்லை என்று வருடாவருடம் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறவள். அந்தப் பாடத்தை நடத்திவிட்டு வந்துதான் சாயங்காலம் கடைக்குப் போனேன்.

சர்க்கரை ஏறியிருக்கிறது, நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கடற்கரைப் பக்கம் காலையில் நடக்கத் தொடங்கினேன். நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா அப்போதுதான் பலகையில் சங்கராவை அடுக்கிக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல் போய்விடலாம் என்று ரோட்டின் மறுபக்கம் ஒதுங்கினேன்.

"இன்னா டீச்சரு, அந்தாண்ட போய்க்கினு கீற? வா, வந்து போணி பண்ணு."

"நான் அப்புறமா வரேன்க்கா."

"அப்புறமா இன்னா அப்புறம்? உன் வூட்டுக்காரர் பூட்டாரு. அதுக்கு உன் கை இன்னா செஞ்சிது? என் புருசன் பூட்டு பன்னெண்டு வருசம் ஆவுது. தெனம் நான்தான் இந்தக் கையால கடையத் தொறக்குறேன். மீனு வேணான்னு ஓடிப்பூடுதா?"

பக்கத்துப் பலகைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நீட்டிய நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீன்களின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பில் செருகினார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு, மீனைக் கழுவாமல் அழுதேன். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் சொன்ன ஆறுதலில் வராத அழுகை அது.

எங்கள் வீட்டில் புதனும் ஞாயிறும்தான் கவிச்சி. ஞாயிற்றுக்கிழமை அங்கே விடியும் முன்பே கூட்டம் மொய்க்கும். அதனால் புதன்கிழமை போணி என்னுடையது என்று ஆனது. புதன்கிழமைக்காகவே மற்ற நாட்களிலும் ஒழுங்காக எழுந்து குளிக்க ஆரம்பித்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்தாலும் உண்மை அதுதான். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது.

அப்புறம் ஒரு புதன்கிழமை போனபோது அவருடைய பலகை வெறுமையாகக் கிடந்தது. பக்கத்துப் பலகைப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது வராது. அது புள்ளை பூட்டான். போன புதங்கெழமை, கரைக்கு வரச்சொல்லோ அலையில படகு கவுந்துகிச்சு. ரெண்டு நாள் கழிச்சு பட்டினப்பாக்கத்தாண்ட ஒதுங்கினான்." தன் பலகை மீன்களை நகர்த்திவைத்துக்கொண்டே, "அன்னிக்கு யாரு போணி பண்ணாங்களோ" என்றாள்.

நான்தான் பண்ணினேன். ஆறு மணிக்கு, அரைக் கிலோ நெத்திலி. அவருக்கு அவன் ஒரே மகன். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அக்காவின் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை. நான் போகவில்லை. என்னைப் பார்த்தால் அவருக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும், ஊரும் அவரைச் சும்மா விடாது, நான் கண்ணில் படாமல் இருப்பதுதான் நல்லது என்று முடிவுசெய்தேன். நடைக்குப் போகும் பாதையைக்கூட மாற்றிக்கொண்டேன். அவருக்கு உபகாரம் செய்வதாகத்தான் மனதார நினைத்தேன். என்னை நானே அப்படி நம்பவைத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு மாதம் கழித்து, பரீட்சை நாள் ஒன்றில் பள்ளி அரைநாளில் முடிந்தது. மனசு கேட்காமல் போனேன். உச்சி வெயில். அக்கா பாதியாக இளைத்திருந்தார். பலகையில் கொஞ்சம் சங்கரா மட்டும் மிச்சம். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"இன்னா டீச்சரு, மத்தியானத்துல வந்துகீற?"

"போணி ஆகியிருக்கும்னுதான் இப்ப வந்தேன்க்கா."

அவர் ஒரு மீனை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தார். கை நிற்காமல்தான் பேசினார்.

"சாவு வூட்லயே சொன்னாங்க, அந்த டீச்சரு கை பட்டுதான்னு. என் மருமவளும் சொல்லுச்சு. நான் இல்லன்னேன். அலை தூக்கி அடிச்சா டீச்சரு இன்னா பண்ணும்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். காரியம் முடிஞ்சி கடை போட்டேனா, மொதோ புதங்கெழமை ஏழு மணி வரைக்கும் யாருக்கும் விக்காம குந்திக்கினு இருந்தேன். நீ வருவே, இவளுங்க கண்ணு முன்னால உன் கையாலயே போணி பண்ணிக் காட்டலாம்னு. நீ வரல. அதுக்கு அடுத்த புதனும் குந்தினேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்க்கா..."

"படிச்ச பொம்பள நீ. நீயே பயந்துக்கினு ஒளிஞ்சா, நான் இன்னா சொல்லி அவளுங்க வாய அடைக்கிறது? போவப்போவ எனக்கும் அப்படித்தான் தோண ஆரம்பிச்சிருச்சு."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். மீனைத் துண்டு போட்டு, பையில் கட்டி, என் கையில் படாமல் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"வர்ற புதன்கிழமை காலைல வரேன்க்கா" என்றேன்.

அவர் பலகையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வேணாம் டீச்சரு. இந்த மாரி மத்தியானமே வா."