அமுக்கித் திருப்ப வேண்டிய மூடி

எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் முழுதாக நம்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பிளாஸ்டிக் மூடி. மற்றதெல்லாம் என் கணக்கில் சந்தேகத்துக்கு உரியவை. மனிதர்களும் அதில் சேர்த்திதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. சூளையிலிருந்து வெளியே வரும்போது விளிம்பில் ஒரு கீறலோ வயிற்றில் ஒரு கொப்புளமோ இருந்தால் அது ‘செகண்ட்ஸ்’. வெளியூருக்குப் போகாது. வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் கணவரின் அக்கா அப்படி ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தார். அதனால் எங்கள் அலமாரியில் உப்பு, சர்க்கரை, ரவை, புளி எல்லாமே ஒரே உயரத்து வெள்ளை ஜாடிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பேர் எழுதி ஒட்டினால் இரண்டு தடவை கழுவியதும் போய்விடும். மூடிகள் சும்மா மேலே உட்கார்ந்திருக்குமே தவிர ஒன்றும் இறுகாது. தவழுகிற குழந்தைகூடத் தூக்கிவிடலாம். புதிதாக வந்தபோது நான் ரசத்தில் சர்க்கரையைப் போட்டிருக்கிறேன். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் என் பிறந்த வீட்டில், மண்ணெண்ணெயைச் சோடா பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரை மூலையில் வைத்திருப்பார்கள். என் தம்பி நடக்கப் பழகிய புதிதில் அதை எடுத்துக் குடித்துவிட்டான். பஸ்ஸில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு எந்த பாட்டிலைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று மோந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. விருத்தாசலத்தில் பினாயிலும் ஆசிட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் ஊற்றித் தருவார். அதுவும் மாம்பழ ஜூஸ் படம் போட்ட பாட்டில். “வூட்ல சின்னப் புள்ள இருக்குதுங்க” என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன். “மேல வச்சிக்கங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு மிதித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சைக்கிளைப் பிடித்துக் கீழே தள்ளியிருப்பேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவர், நான், இரண்டரை வயது மகள், கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், எங்களோடு இருந்தார். என் மகள் மேல் அவருக்கு உயிர். அதுதான் எனக்கு இடித்தது. நான் காலை முதல் மாலை வரை மாரடித்தாலும், அண்ணி வேலை விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவள் என்னை உதறிவிட்டு ஓடுவாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போவார். திரும்பி வரும்போது அவள் உதட்டை நக்கிக்கொண்டிருப்பாள். முன்பல்லில் கறுப்பு விழ ஆரம்பித்திருந்தது. டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

“அண்ணி, சர்க்கரை குடுத்தீங்களா?”

“நான் என்னாத்துக்குக் குடுக்கறன்?”

நான் குழந்தையின் வாயருகே மூக்கை வைத்துப் பார்ப்பேன். “ஏம்மா, புள்ள வாயப் போயி மோந்து பாக்கற? போலீஸ்ல சேந்துருக்கலாம் நீ” என்பார். ஆனால் அலமாரிக்குக் கீழே எறும்பு வரிசை இருக்கும். எறும்பு பொய் சொல்லாது, பொய் சொல்வது அண்ணிதான். ஜாடியில் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு மறுநாள் ஒப்பிட்டேன். குறைந்துதான் இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

நான் நம்பிய அந்த மூடி வீட்டுக்குள் வந்தது இந்தச் சமயத்தில்தான். அண்ணியின் புடவையிலும் கையிலும் ஒட்டி வருகிற களிமண் எங்கள் சிங்க்கில்தான் இறங்கும். அதோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். என் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் மங்கலம்பேட்டை நண்பர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, எங்கள் சிங்க் புராணத்தைக் கேட்டுவிட்டு, அடைப்பு எடுக்கும் தூள் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை பாட்டில், சிவப்பு மூடி.

அந்த மூடியைக் கணவர் திருகினார். டக் டக்கென்று சத்தம் போட்டபடி சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. அண்ணி வாங்கித் திருகினார். நாள் முழுக்க மண் பிசைகிற கை. அதற்கும் மசியவில்லை. “கெட்டுப்போன மூடிய நம்ம தலைல கட்டிட்டாங்க” என்று தீர்ப்புச் சொன்னார். நான் வாங்கிப் பார்த்தேன். மூடியின் தலையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீழே அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும், குழந்தைகள் திறந்துவிடாமல் இருப்பதற்காக. உள்ளங்கையை வைத்து அமுக்கித் திருப்பினேன். திறந்துகொண்டது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உலகத்தில் எங்கேயோ ஒருவர் என்னைப் போலவே எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, உட்கார்ந்து யோசித்து, இந்த மூடியைச் செய்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போலிருந்தது. தூளைச் சிங்க்கில் போட்டுத் தண்ணீர் விட்டதும் உஸ்ஸென்று பொங்கி ஆவி வந்தது. மூக்கை அறுக்கிற நெடி. குழாய் தொட முடியாத அளவு சுட்டது. களிமண்ணை அது ஒன்றும் செய்யவில்லை, பிசுக்கு மட்டும் போயிற்று. பாட்டிலை மூடி, குளியலறைப் பரண் மேல் வைத்தேன். மகள் எப்படியோ எடுத்துவிட்டாலும் மூடி அவளைக் காப்பாற்றும் என்று நிம்மதியாக இருந்தேன்.

கணவருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவர் எதற்கும் “ஒண்ணும் ஆவாது” என்று சொல்கிற ஜாதி. “ஒரு தூள எடுக்க இவ்ளோ சர்க்கஸா?” என்று முணுமுணுத்தார். நான் சொல்லிக் கொடுத்தும் அவருக்கு அது வரவில்லை. அமுக்கும்போது திருப்ப மாட்டார், திருப்பும்போது கையைத் தளர்த்திவிடுவார்.

சில வாரம் கழித்து, ஒரு நாள் காலையில், எறும்பு வரிசையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சர்க்கரையை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி பீரோ மேல் ஒளித்து வைத்தேன். சர்க்கரை ஜாடியைக் கழுவி, காயட்டும் என்று சிங்க் மேடையில் கவிழ்த்தேன். மத்தியானம் கணவர் சாப்பிட வந்தார். பரிமாறிவிட்டு, மகளைத் தூங்க வைக்கப் போய் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது அவர் கடைக்குப் போயிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அண்ணி வந்தார். மகள் ஓடினாள். நான் துணி எடுக்க மாடிக்குப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பின்பக்கமாக வந்து சமையலறை ஜன்னல் ஓரம் நின்றேன்.

அண்ணி கைகால் கழுவி, ஈரக் கையோடு உள்ளே வந்தார். சர்க்கரை ஜாடி பழையபடி அலமாரியில் தன் இடத்தில், மூடியோடு நின்றுகொண்டிருந்தது. நான் கவிழ்த்து வைத்ததை யார் நிமிர்த்தி எடுத்து வைத்தது? அண்ணிதான் எப்படியோ தனியாகச் சர்க்கரை வாங்கி வந்து நிரப்பியிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் அண்ணாந்து வாயைத் திறந்தாள். அண்ணி மூடியைத் தூக்கி, விரலை உள்ளே விட்டு, ஒரு சிட்டிகை எடுத்தார்.

“அண்ணி!”

நான் போட்ட கூச்சலில் அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். ஜாடி கை நழுவிச் சிங்க்கில் விழுந்து உடைந்தது. குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் பட்டதும் உஸ்ஸென்ற சத்தம் கிளம்பியது. பின்னாலேயே அந்த நெடியும் வந்தது.

பின்வாசல் வழியாகப் பாய்ந்து போய் மகளை இழுத்து வாயைத் திறந்து பார்த்தேன். உதடு, நாக்கு, கன்னம் எதிலும் ஒன்றும் இல்லை. கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று அவள் வீறிட்டுக் கொண்டிருந்தாள். அந்த அழுகை எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

“என்னா குடுக்கப் பாத்தீங்க எம் புள்ளைக்கு?”

“சக்கரதாம்மா. ஐயோ, என்னா இது, வெரலு வழவழன்னு இருக்குது. எரியுது.”

அந்த நிமிடம் நான் நினைத்ததை ஒளிக்கப் போவதில்லை. பிள்ளையில்லாதவர், பொறாமையில் என் பிள்ளைக்கு விஷம் வைக்கிறார் என்றே நினைத்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். இருந்தாலும் அவரைப் பின்வாசல் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், விரல்களைப் பிடித்து நீட்டி, தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டேன். எரிச்சல் அடங்குகிற வரைக்கும் விடவில்லை. ஒரு கையில் மகள், ஒரு கையில் அண்ணியின் மணிக்கட்டு.

“நான் வேணும்ன்ட்டு குடுத்தன்னு நெனச்சியா?” என்று கேட்டார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் தன் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “புள்ள வாய்ல படலதான? நல்லாப் பாத்தியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றார். வாய்க்குள் போயிருந்தால் தொண்டை வெந்து போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அண்ணியின் விரல் நுனிகளில் தோல் வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. மருந்து போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலில் நின்றார். நடந்ததைக் கேட்டதும், “அதுவா, நான்தான் கொட்டி வச்சன்” என்றார், அரிசி கொட்டி வைத்ததைச் சொல்வது போல.

“மத்தியானம் சிங்க் அடச்சிக்கிச்சி. நீ தூங்கிட்ட. அந்த மூடியோட எவன் மல்லுக்கட்டறது? பிளேடு போட்டு பாட்டில் கழுத்த அறுத்துட்டன். அறுத்தத அப்டியே வச்சா புள்ள கைய வுட்டுடுமே. அதான் பத்திரமா ஜாடில கொட்டி மூடி போட்டு வச்சன்.”

பத்திரமாக! குளியலறைக்குப் பின்னால் குப்பைக் கூடையில் அந்த பாட்டில் கழுத்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். மூடி இறுக்கமாக மூடியபடியே இருந்தது. திருப்பினேன். டக் டக்கென்றது. அதை அவர் முகத்தின் மேல் எறிந்தேன். குறி தப்பியது, அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அண்ணி அவரைத் திட்டவில்லை. மூலையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “எங் கையாலயே குடுத்துருப்பன்” என்று மட்டும் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் நின்று வேவு பார்த்தது மட்டமான குணம் என்று யாராவது சொல்லட்டும். அன்றைக்கு நான் யோக்கியமாக மாடிக்குப் போய்த் துணி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களே சொல்லட்டும். என் சந்தேகம் மனிதரில் தப்பியது, நேரத்தில் தப்பவில்லை. ஆனாலும் அந்தக் குழாயடியில் அவர் என் முகத்தில் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஜாடிகளை மறுநாளே காலி செய்தேன். எல்லாம் கண்ணாடி பாட்டிலுக்கு மாறியது. அண்ணி தடுக்கவில்லை. அவரிடம் ஒரே ஒரு மாற்றம்தான் வந்தது. என் மகளுக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் தன் நாக்கில் வைப்பார். சற்று நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் ஊட்டுவார். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வாழைப்பழம், காய்ச்சல் மருந்து, நான் ஆக்கிய சோறு எல்லாவற்றுக்கும் அதே விதிதான். நான் ஆக்கிய சோற்றையும் நாக்கில் வைத்தபோது எனக்குச் சுருக்கென்றது.

மகள் அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டாள். சாப்பிடுவதே அப்படித்தான் என்று பழகிவிட்டாள். ஒரு நாள் பருப்புச் சாதம் பிசைந்து உருண்டை பிடித்து அவள் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன். என் கையைப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியின் வாய்ப் பக்கம் தள்ளிவிட்டாள்.

“மொதல்ல அத்தை” என்றாள்.