கண்காட்சியில் போட்ட சின்ன அடுப்பு

...மூணு வருசமா மாமியாகூட ஒரே உலையாம்! பக்கத்து வீட்டு மருமக எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்துறா. "அடி போடி, எனக்குத் தனி அடுப்பு கண்காட்சியில கெடைச்சுச்சு"ன்னேன். சிரிக்காதே ஏத்தா, நெசந்தான்.

கைநாட்டுக்கு வருசம் எங்க தெரியுது? என் மூத்தவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான். பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துல கண்காட்சி. மெட்ராசு டீச்சரம்மா ஒருத்தி, பெஞ்சையெல்லாம் வெளியில போட்டுட்டு, ஒரு வகுப்பை அப்படியே நம்மூர் வீடா மாத்தணும்னு நின்னா. வர்றவுக பாயில உக்காரலாம், அம்மியில அரைக்கலாம், முறத்துல புடைக்கலாம். பாத்திரம் கேட்டு எங்க வீட்டுக்கு வந்தா. மாமியா என்னையும் கூட அனுப்பிவிட்டாக, வெங்கலம் நசுங்காமப் பாத்துக்கன்னு.

போய்ப் பாத்தா நடுவுல ஒத்தை அடுப்பு, மேல இம்மாம் பெரிய பானை.

"கூட்டுக் குடும்பமில்லையா, அதான்"ன்னா.

"கூரைதான் டீச்சர் ஒண்ணு. மகனுக்குக் கலியாணமாயிட்டா அதே வீட்ல வேறு வச்சிருவாக. அவளுக்குத் தனி அடுப்பு, தனி உலை."

"அப்ப உங்க அடுப்பு எப்படியிருக்கும்?"

என்னத்தச் சொல்ல? எனக்கும் கலியாணமாயி மூணு வருசம் ஆச்சு, வேறு வைக்கிறதப் பத்தி மாமியா வாயைத் தொறக்கல. நாம கேக்கப்படாது. அவுகளாத்தான் சொல்லணும். செம்மண்ணைக் கொழைச்சு, மூலையில சின்னதா ஒண்ணு போட்டேன். உப்புச் சாடியை என் கைக்கு வாகா வச்சேன். டீச்சரம்மா துள்ளிக் குதிச்சா, பாவம், அவளுக்கு ஒரே சந்தோசம்.

மறுநா மாமியா வந்தாக. ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் பெரிய அடுப்புக்கிட்ட நிக்க, இவுக நேரா மூலையில இருந்த சின்ன அடுப்புக்குப் போனாக.

"இது யாருக்கு?"

"மருமகளுக்கு, அயித்தை."

"எந்த மருமகளுக்கு?"

அவுக குத்த வச்சு உக்காந்தாக, சாடியைத் தொறந்து பாத்தாக, மூடுனாக.

"கூறுகெட்டவளே, மேக்காமப் பாத்தா உக்காந்து பொங்குவே? நம்ம வீட்ல போடும்போது கெழக்காமப் பாத்து உக்கார்ற மாதிரிப் போடு."

அம்புட்டுத்தான். தை பொறந்ததும் பானை, பருப்பு, புளியெல்லாம் குடுத்து வேறு வச்சுட்டாக. கண்காட்சி அடுப்பை என்ன செஞ்சாகளோ, ஒடைச்சுத்தான் போட்டிருப்பாக. இவளையும் அழுகுறத விட்டுட்டு செம்மண்ணைக் கொழைக்கச்... ஐயய்யோ, பாலு பொங்குது, இரு ஏத்தா, எறக்கிட்டு வாரேன்.