எட்டு வயது முதுகில் இட்லி அரிசி

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய குடோனுக்கு நீல வண்ணம் அடித்து, பாய் விரித்து, குழந்தைகளுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். என் எட்டு வயது மகளை அங்கே சேர்த்தேன். அவள் குத்து விட்டதைவிட பிளாங்க் போட்டதுதான் அதிகம். முழங்கைகளை ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். "கோர் ஸ்ட்ராங்கா இர்ந்தாதான் மேடம் பஞ்ச்ல பவர் வரும்" என்பார் மாஸ்டர். வயிறு, இடுப்பு, முதுகு எல்லாம் சேர்ந்தது கோர். அவருக்கு அது வயிற்றில் தெரியும் கட்டு மட்டும்தான்.

எங்களுக்கும் அப்படித்தான். வகுப்பு முடிந்ததும் அம்மாக்கள் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கி, கத்தரிக்காய் பொறுக்குவதுபோல வயிற்றை அமுக்கிப் பார்ப்போம். அந்த வயதில் தசை புடைக்காது, ஓடி ஏறி விழுந்து விளையாடும்போதே உடம்பு தன்னைத் தாங்கக் கற்றுக்கொள்ளும் என்று நான் படித்திருந்தேன். படித்து என்ன? எல்லாரும் அமுக்கினார்கள், நானும் அமுக்கினேன்.

பருப்பு மண்டிக்காரரின் மனைவி, திருநெல்வேலிப் பக்கம், ஒருநாள் துவரம்பருப்புப் பையோடு வந்து, பிளாங்க் போட்டிருந்த மகனின் முதுகில் வைத்தார். "வெயிட்டு வச்சாத்தான் கட்டு விழும், பாத்தியளா?" மாஸ்டர் கைதட்டினார். மறுவாரம் ஆளுக்கொரு பை. சர்க்கரை, ரவை, கல் உப்பு என்று ஒரு மளிகைக் கடையையே பிள்ளைகள் முதுகில் இறக்கிவிட்டோம். நான் இட்லி அரிசி.

பிறகு ஒரு காலை, ஷூ மாட்டக் குனிந்த மகள் இடுப்பைப் பிடித்தாள். மெத்தையா, ஸ்கூல் பையா, நான் கொடுக்காத முட்டையா என்று குழம்பி மாஸ்டரிடம் கேட்டேன்.

"கோர் வீக்கா கீது மேடம். இன்னும் போட்டா சரியா பூடும்."

என்ன வைத்தியம்! வலிக்கிறதா, அதையே இன்னும் செய்.

சனிக்கிழமை போட்டி வைத்தார். முதுகில் பையோடு கடைசிவரை தாங்கும் பிள்ளையின் படம் ஃப்ளெக்ஸ் பேனரில் வருமாம். என் மகளும் மண்டிக்காரர் மகனும் மிஞ்சினார்கள். அவள் இடுப்பு தூளிபோலத் தொங்கியது, தோள்கள் நடுங்கின. "வுடாத, வுடாத!" என்று மாஸ்டர் கத்த, அம்மாக்கள் செல்போனை உயர்த்தினார்கள். நான் எழுந்துபோய் அரிசிப் பையை எடுத்துவிட்டேன்.

"இன்னா மேடம், ஜெயிக்கிற டைம்ல?"

"இடுப்பு தொங்குது மாஸ்டர். தெரியலையா?"

"தொங்குனா இன்னா? தாங்கிகினு தானே கீது!"

"பாவம், தாய் மனசு," என்றார் மண்டிக்காரர் மனைவி, மகனைப் படம் எடுத்துக்கொண்டே.

"நான்தான் ஜெயிச்சிருப்பேன். கெடுத்துட்ட," என்று மகள் அழுதாள். ஆட்டோவில் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றத் தொடங்கியது. கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப்போட்ட சாலையில் வண்டி பள்ளத்தில் இறங்கியது. அவள் கோபத்தை மறந்து இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போகச் சொல்லும்மா," என்றாள்.

வீட்டுக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள் என்றேன்.