அலமாரி மேல் கிடந்த ஷாஃப்ட்

சாந்தோமில் எங்கள் வீட்டு மாடியில் சித்தப்பா குடியிருந்தார். கிண்டியில் சின்னதாக ஒரு ஹார்டனிங் பட்டறை வைத்திருந்தார். இரும்புச் சாமான்களை உலையில் பழுக்க வைத்து, மேல்தோலில் கரியை ஏற்றி, அந்தச் சூட்டோடு எண்ணெய்த் தொட்டியில் இறக்குவார்கள். கோடை விடுமுறையில் சித்தி அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நானும் ஒட்டிக்கொள்வேன். ஆறாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு அந்தப் பட்டறை ஒரு பூதத்தின் சமையலறை.

அந்த வாரம் கை நீள ஷாஃப்டுகள், அதாவது இரும்புத் தண்டுகள், வந்திருந்தன. நேராக உள்ளே போனவை வளைந்து வெளியே வந்தன. அதுகூடப் பரவாயில்லை. எண்ணெய் சொட்டச் சொட்டக் கூடையைத் தூக்கியபோது அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, யாரோ கூப்பிட்டதைக் கேட்டுத் தலை திருப்பியது போல.

உலைக்காரர் என் பக்கம் குனிந்தார். "பாத்தியா பாப்பா? பெரியவரு குந்திக்கினு இருந்த மூலையத்தான் பாக்குதுங்க."

பெரியவர் என்பது அவருக்கு முன் உலை பார்த்தவர். நெஞ்சு வலித்து அந்த மூலையிலேயே சாய்ந்து இறந்துபோனவர்.

"எண்ணெ ஒரு பக்கமா சுத்துது, அதான் வளையுது. வேலையப் பாருய்யா," என்றார் சித்தப்பா. ஆனாலும் அவர் கண் ஒரு தரம் அந்த மூலைக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன்.

சரக்கு கேட்டவர்கள் அவசரப்படுத்தினார்கள். சித்தப்பா தானே பிரஸ் இயந்திரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்தி பெண்டு எடுத்தார். ஷாஃப்டுகள் நேராகிவிட்டன. மிஞ்சிய ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தார்.

மறுநாள் டெம்போ கிளம்பிப் போன பிறகு, மதியம் அவர் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை, மின்விசிறிகூட ஓடவில்லை. திடீரென்று அலமாரி மேல் டங்கென்று ஒரு சத்தம். சித்தி எட்டிப் பார்த்தார். யாரும் தொடாத ஷாஃப்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"சித்தப்பா, அந்தத் தாத்தா இங்கயும் வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. சோற்றுக் கையோடு போனை எடுத்து டெம்போக்காரரைக் கூப்பிட்டார்.

"நைனா, எங்க கீற? வண்டிய ஓரங்கட்டு. கேட்டுக்குள்ள போவாத. ஒண்ணுகூட எறக்காத. அவங்க இன்னா சொன்னாலும் சரி, திருப்பிக்கினு வா."

சரக்கு திரும்பி வந்தது. பெட்டிகளைப் பிரித்தால், அசையாமல் கிடந்தவற்றிலும் சில விரிசல் விட்டிருந்தன. அந்த ஆர்டர் போயிற்று. அதன்பின் பட்டறையும் நெடுநாள் நிற்கவில்லை. உலைக்காரர் மூலையில் கற்பூரம் ஏற்றினார். சித்தப்பா தடுக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களில் சித்தப்பாவாவது என்னை நம்பினாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்த ஷாஃப்டுகள் பள்ளி வேன்களின் ஸ்டீயரிங்குக்குப் போகவேண்டியவை என்பதும், இளஞ்சூட்டில் வைத்து இரும்பின் உள்ளிறுக்கத்தைத் தணிக்காமல் அவசரத்தில் சித்தப்பாவே அழுத்தி நிமிர்த்தியதால்தான் அவை தாமாக முறிந்தன என்பதும் பல வருஷம் கழித்துச் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. சரக்கு திரும்பி வந்த அன்று மாலை அவர் மாடிப்படியில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பயப்படாதீங்க சித்தப்பா, அந்தத் தாத்தா ரொம்ப நல்லவர்," என்றேன்.