மடியைக் கெடுத்த கிளி

கிருஷ்ணவேணிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்பவர்கள் முதலில் ஒரே ஒரு நாள் அவள் அண்ணன் வீட்டில் சமைத்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம். ஒரு கிளிக்காகக் கூடப்பிறந்தவனை விட்டுப் போனாளாம். கரமனைத் தெருவில் கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் இதை நின்று சொல்லிவிட்டுத்தான் சாமி கும்பிடவே போகிறார்கள். முப்பது வருஷம் அவள் அந்த அடுக்களையில் வெந்தபோது இவர்கள் வாய் எங்கே போயிருந்தது? அவள் வைத்த சாம்பாரில் இருந்தது.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபின் அண்ணன் நாகேஸ்வரன் வீட்டில் சமையல் அவள் தலையில் விழுந்தது. அதுவும் மடிச் சமையல். விடியுமுன் குளித்து, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல் சமைக்க வேண்டும். சட்டம் போட்டவள் அண்ணன் பெண்டாட்டி, மன்னி சுப்புலக்ஷ்மி. மன்னி மடியாக நின்று யாரும் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு எழுந்து ஃபோனைத் தடவிக்கொண்டே காப்பி குடிக்கிறவளுக்கு அடுத்தவள் மடியில் அத்தனை அக்கறை.

அண்ணன் மகள் ஸ்மிதா கனடாவுக்கு வேலைக்குப் போகும்போது தன் கிளியை அத்தையிடம் விட்டுப் போனாள். நம்மூர்ப் பச்சைக்கிளி இல்லை. சன் கோனூர் என்கிற வெளிநாட்டு ஜாதி. ஒரு சாண் உடம்பு, மஞ்சளும் ஆரஞ்சுமாக. குணம் மட்டும் தாசில்தார் குணம். பேர் குட்டன். அண்ணனின் விரலைக் கடித்தான், மன்னியின் கம்மலைப் பிடித்து இழுத்தான். கிருஷ்ணவேணியிடம் மட்டும் தலையைச் சாய்த்து, கழுத்தைச் சொறிந்து விடு என்று நிற்பான். பேச்சு வரவில்லை. ஆனால் குக்கர் விசில் மாதிரியே கூவுவான். ஒரு நாள் அவள் பின்கட்டில் துணி உலர்த்தும்போது மன்னி மூன்று விசில் எண்ணி அடுப்பை அணைத்தாள். அதில் இரண்டு குட்டன் அடித்தது. பருப்பு கல்லாக இருந்ததற்கும் திட்டு கிருஷ்ணவேணிக்குத்தான்.

அவள் கண்ணில் படாவிட்டால் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவான். கூண்டுக் கொக்கியை அலகால் நெம்பிக்கொண்டு பறந்துவந்து, அடுப்பின் முன் நிற்கிறவள் தோளில் உட்காருவான். புடவையில் எச்சம் போடுவான். மடி போச்சு, போய்க் குளித்துவிட்டு வா என்று மன்னி விரட்டுவாள். ஒரு சனிக்கிழமை இப்படி நாலு தடவை குளித்தாள். ஐந்தாவது தடவை குட்டன் வந்து உட்கார்ந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மடி இல்லை மன்னி. இனிமே நீங்களே பண்ணிக்கோங்கோ."

முப்பது வருஷமாக அவளுக்குத் தோன்றாத வழியை ஒரு பறவையின் எச்சம் காட்டிக்கொடுத்தது. மூன்று நாள் மன்னி சமைத்தாள், அதற்குச் சமையல் என்று பேர் வைக்கலாமென்றால். கிருஷ்ணவேணி ஜன்னலோரம் உட்கார்ந்து குட்டனுக்குக் கொய்யா நறுக்கிக் கொடுத்தாள். பகலில் உட்காருவது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆற்றுப் பாலத்துக்கு அக்கரையில் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிற ஜெபமலர், முன்பே ஒரு தடவை கேட்டவள், வந்து தன் ஹாஸ்டலுக்குச் சமைக்க வரச் சொல்லி மறுபடி கேட்டாள். கிளிக்கும் ஓர் அறை உண்டு என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கிருஷ்ணவேணி அவளை அனுப்பிவைத்தாள்.

நாலாம் நாள் நாகேஸ்வரன் வன்னியபெருமாள் என்கிற பறவை வியாபாரியைக் கூட்டி வந்தான். கிளி தொலைந்தால் தங்கை தானாக அடுப்படிக்குத் திரும்புவாள் என்கிற புத்தி. வெளிநாட்டுக் கிளிக்கு அரசாங்கப் பதிவு வேண்டும் அல்லவா, வியாபாரி அந்தக் காகிதத்தைக் கேட்டார். ஸ்மிதாவின் மேஜையிலிருந்து அண்ணன் எடுத்துக் கொடுத்தான்.

"சார், இது உங்க பேர்ல இல்லியே. கிருஷ்ணவேணிங்கிறது யாரு?"

அண்ணன் முகம் சுருங்கியது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "வேணி, இதுல ஒரு ஒப்பு போடு."

கையெழுத்துப் போடும் முன் அவள் வாங்கிப் படித்தாள். கனடா போகும் முன் ஸ்மிதா இவளுடைய ஆதார் கார்டை எதற்கு வாங்கிப் போனாள் என்று இப்போது புரிந்தது. அந்த வீட்டில் கரண்டி முதல் கட்டில் வரை எதுவும் அவள் பேரில் இல்லை. இந்தக் கிளி இருந்தது.

"போடமாட்டேன் அண்ணா."

"அப்போ அதையும் தூக்கிண்டு நீயும் எறங்கிக்கோ. எங்க போறேன்னு பாக்கறேன்."

பல தடவை சொன்ன பேச்சுதான். சொன்னால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போவாள், அவனும் பேப்பரைப் பிரிப்பான். அன்றும் பேப்பரைப் பிரித்தான். அவள் ஜெபமலருக்கு ஃபோன் செய்து இதோ வருகிறேன் என்றாள். நாலு புடவையும் அந்தக் காகிதமும் பையில் போயின.

சாயங்காலத்துக்கு யார் பண்ணுவது என்று மன்னி கேட்டாள். அவளிடமில்லை, புருஷனிடம். வாசல்படியில் கூண்டு இடித்தது. கிருஷ்ணவேணி அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.