தபோவனம் என்று பெயர் எழுதிய தொட்டி

அந்தக் கண்ணாடித் தொட்டிக்குத் ‘தபோவனம்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். அட்டையில் சிவப்பு மையால் எழுதி அதன் முகப்பில் ஒட்டியதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழியைப் பகிர்ந்துகொள்ள வேறு ஆளைத் தேடும் சபலம் எனக்கு இன்னும் முற்றிலும் போகவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். மீன்கள் செத்துப்போன பிறகு அந்தத் தொட்டி ஆய்வகத்து மூலையில் காலியாகக் கிடந்தது. மூன்றடி நீளம் இருக்கும். ஒரு பாதியில் மணலும் கற்களும் பரப்பி, மறுபாதியில் தண்ணீர் விட்டால், ஊர்வனவற்றையும் நீரிலும் நிலத்திலும் வாழ்வனவற்றையும் மாணவிகள் ஒரே இடத்தில் பார்க்கலாமே என்று தோன்றியது. பாடத்துக்கான யோசனைதான் அது. ஆனால் நான் புராணங்கள் வாசிக்கும் வீட்டில் வளர்ந்தவள். முனிவர்கள் தவம் செய்யும் வனத்தில் புலியும் மானும் ஒரே துறையில் நீர் குடிக்கும் என்று சிறுவயதில் படித்தது, பட்டப்படிப்பில் படித்ததைவிட ஆழத்தில் தங்கியிருந்தது போலும். ஆய்வகத்து ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. அதன் நிழலில் பகை தங்காது என்று ஊரே சொல்லும். நானும் அதைப் பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் நம்பினேன்.

முதலில் இரண்டு அரணைகள் வந்தன. பிறகு ஓர் ஓணான், நான்கு சிறு தவளைகள். ஆமை கடைசியாக வந்தது.

அது எங்கள் பள்ளி ஆயாம்மாவின் ஆமை. அவர் அடி அண்ணாமலையிலிருந்து தினமும் நடந்து வருவார். அவர்கள் பக்கத்தில் கிணற்றில் ஆமை விடும் வழக்கம் உண்டு. புழுவையும் பாசியையும் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும் என்பார்கள். கல்யாணமான வருஷத்தில் ஆயாம்மாவின் கணவர் தம் கையால் விட்ட ஆமை அது. அவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் கோடையில் கிணறு அடிவரை வற்றிவிட்டது.

“அண்டாவுல போட்டு வெச்சிருக்கேன் டீச்சர். நாயி வந்து வந்து மோந்து பாக்குது. மழ பேஞ்சி கெணறு ஊறுற வரைக்கும் உங்க தொட்டியில வெச்சிக்கிறீங்களா? அப்புறமா நான் எடுத்துக்கினு போய் உட்டுட்றேன்.”

“தாராளமா வெச்சிக்கலாம். பத்திரமா திருப்பித் தரேன் ஆயாம்மா” என்றேன்.

ஆனால் தொட்டியை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. “இதுங்களோடவா உடப் போறீங்க? ஒரு ஊட்ல ரெண்டு ஓரகத்திங்க ஒத்துப்போறதே பெரும்பாடு. நீங்க ஓணானையும் தவளையையும் ஒண்ணா குடி வெக்கிறீங்களே!”

நான் சிரித்தேன். “நம்ம ஊர்ல எல்லாம் ஒத்துமையா இருக்கும், பாருங்க.”

சில வாரங்கள் அப்படித்தான் இருந்தன. ஓணான் கல்லின் மேல் ஏறித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆமை வெயில் விழும் பக்கமாகக் கழுத்தை நீட்டிக் கிடக்கும். ஒருநாள் ஒரு தவளை அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததைத் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். கார்த்திகை தீபத்தை ஒட்டி நடக்கும் பள்ளிக் கண்காட்சியில் இந்தத் தொட்டியைத்தான் நடுக்கூடத்தில் வைக்க வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. அட்டையை நான் எழுதியது அப்போதுதான். பெயருக்குக் கீழே ‘ஆமை ஒன்று, ஓணான் ஒன்று, அரணை இரண்டு, தவளை நான்கு’ என்று பட்டியலும் போட்டேன்.

அதன் பிறகு ஒரு காலையில் தவளைகள் மூன்றுதான் இருந்தன. தொட்டியின் வாயைக் கொசுவலைத் துணியால் மூடிச் சுற்றிலும் கயிறு கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு வைப்பது என் வழக்கம். வெளியேற வழியில்லை. ஆனாலும் எங்கோ இடுக்கு வழியாகப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் ஓர் அரணைக்கு வாலில்லை. அரணை பயந்தால் வாலை உதிர்த்துவிடும் என்று வகுப்பில் நடத்துபவள் நான். எதைக் கண்டு பயந்தது என்று மட்டும் என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக் குழாயடியில் ஒரு தவளையைப் பிடித்து, முதல் மணி அடிக்கும் முன் தொட்டிக்குள் விட்டேன். கணக்குச் சரியாகிவிட்டது. இன்னொரு முறையும் அப்படிச் செய்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஆயாம்மா நனைந்த தலையோடு ஆய்வகத்துக்கே வந்தார்.

“கெணத்துல ஒரு ஆள் ஒசரம் தண்ணி வந்துடுச்சி டீச்சர். சாயங்காலம் எடுத்துக்கினு போவட்டா?”

“தீபம் முடியட்டுமே ஆயாம்மா. கொஞ்ச நாள்தானே.”

“சரிங்க டீச்சர்.” போகும்போது தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். “சோர்ந்தாப்ல கெடக்குது” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவருடைய பொருளை என் பெருமைக்காக நிறுத்தி வைத்துக்கொண்டேன்.

கண்காட்சியன்று காலையில் மறுபடியும் ஒரு தவளை குறைந்திருந்தது. குழாயடிக்கு ஓடினேன். ஒரு தேரைதான் அகப்பட்டது. தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் புடைப்பில் நஞ்சு ஊறும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். ஒருநாள்தானே என்று உள்ளே விட்டு முடிச்சுப் போட்டேன்.

கூடம் நிறைய ஜனம். மாணவிகளின் அம்மாக்கள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பாருடி, பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு இருக்குதுங்க. கடிச்சிக்கல பாரு!”

“மலைக்குக் கீழ இருக்குதுங்க இல்ல, அதான்.”

“அப்ப எங்க மாமியாரக் கொண்டாந்து இதுல உட்டுப் பாக்கலாமா டீச்சர்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அட்டையின் மேல் யாரோ ஒரு முழம் கதம்பம் வைத்துவிட்டுப் போனார்கள். நான் நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் காலை எனக்கு முன்பே ஆயாம்மா வந்திருந்தார். ஆமையைக் கொண்டுபோகப் பித்தளைக் குடம் ஒன்றைக் கழுவி எடுத்து வந்திருந்தார். நான் நுழைந்தபோது முடிச்சை அவிழ்த்து, வலையை விலக்கி, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமை வாய் திறந்தபடி, கழுத்து முழுதும் வெளியே தொங்க, தண்ணீரில் கிடந்தது. தேரை கல்லின் மேல் இருந்தது. அதன் பின்னங்காலில் கடிபட்ட காயம்.

“இந்தத் தேர எப்டி டீச்சர் உள்ள வந்துச்சி?”

“தெரியல ஆயாம்மா. எப்படியாவது ஏறி வந்திருக்கும்.”

அவர் ஆமையை எடுத்து முந்தானையால் துடைத்தார். ஓட்டில் பாசி பிடித்திருந்த இடங்களை நகத்தால் சுரண்டிச் சுத்தம் செய்தார். “அதுக்கு ஆயுசு அவ்ளோதான். நீங்க என்னா பண்ணுவீங்க” என்று சொல்லி, அதே குடத்தில் வைத்து இடுப்பில் ஏந்திக்கொண்டு போனார். அன்று மாலையே மிச்சமிருந்தவற்றைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டேன். அட்டையைக் கிழித்துப் போட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. எண்பதுகளில் ஒரு விடுமுறையின்போது காலை வேளையில் கிரிவலம் போனவள், அடி அண்ணாமலையில் அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கிணற்றடியில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மருந்துத் தூள் நெடி அடித்தது.

“வேற ஆமை விடலையா ஆயாம்மா?”

“மனசு வரல டீச்சர். பிளீச்சிங் பவுடரு போட்டுக்கறோம். கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சி போல, நாறுதா?”

அங்கேயே, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். “அந்தத் தேரையை நான்தான் போட்டேன்.”

“தெரியுமே. காலைல முடிச்ச அவுத்தது நான்தான? ரெட்ட முடிச்சி நீங்க போட்டது போட்டபடி இருந்துச்சி. தேர உள்ள போய் முடிச்சி போட்டுக்குமா?” என்று சிரித்தார்.

“அப்பவே ஏன் என்னைக் கேக்கல?”

“கேட்டேனே டீச்சர்.”

கயிற்றைக் கைமாற்றிப் பிடித்து அடுத்த வாளியை இழுத்தார். என் சொம்பு காலியாகியிருந்ததைப் பார்த்து மறுபடியும் ஊற்றினார். அந்த நெடியோடு அதையும் குடித்து முடித்தேன்.