வார்த்தை இல்லாத பாட்டு

பட்டறையில் அவரை மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி காற்று போகும் தகரக் குழாய்களை வெட்டி, மடித்து, ரிவிட் அடிக்கிற பட்டறை அது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தனக்குப் பிடித்த ராக் பாட்டு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினார். கிடார் கிடார் மாதிரியே இல்லை. பனி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பது மாதிரி இருந்தது. வெல்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரே மேகமூட்டமா இருக்கு, பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?" என்றான்.

"முடியப் போகுதுடா."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

அவருக்கு அதில் வருத்தம் இல்லை. நாள் முழுக்கத் தகரம் காதுக்குள் அலறுகிற மனுஷனுக்கு மாலையில் அந்த ஆல்பங்கள்தான் கதி. ஓர மழுங்கின சத்தம், அவசரமே இல்லாத டிரம்ஸ், எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தெரியாத நீளம். தேடித் தேடி வாங்கி அலமாரியில் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தார். ஒரே ஒரு சிடி மட்டும் அலமாரி ஏறாது, பிளேயர் பக்கத்திலேயே கிடக்கும். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாங்கியது, உள்ளூர்க் குழு ஒன்று போட்டது. அட்டையில் சாம்பல் நிறத் தண்ணீர், உள்ளே ஒரு வரி எழுத்துக்கூடக் கிடையாது. அதில் மூன்றாவது பாட்டு அவருக்கு உயிர். கிடார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விரிந்துகொண்டே போகும். அதன் நடுவில் ஒரு பெண்குரல் வெறும் ஆவும் ஓவுமாக மிதந்து வரும். வார்த்தை இல்லாத அந்தக் குரலைக் கேட்டால் தோள்பட்டை வலி இறங்குவது அவருக்கே தெரியும். வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து அதைப் போட்டுவிடுவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அந்த நேரம் பார்த்துத்தான் மாடிக்குத் துணி எடுக்கப் போவாள். அவளுக்குப் பாட்டில் ருசி இல்லை என்று இவர் விட்டுவிட்டார்.

காது விஷயத்தைக் கண்டுபிடித்தது மகள்தான். கல்லூரியிலிருந்து போன் செய்து, "அப்பா, பாஸாயிட்டேன்!" என்று கத்தினாள்.

"சாப்டாச்சும்மா. நீ சாப்டியா?" என்றார் இவர்.

லீவுக்கு வந்தவள் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் காது சோதிக்கும் இடத்தில் உட்கார வைத்தாள். அங்கே இருந்த பெண் மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். "அடிச்சத்தம் எல்லாம் நல்லாக் கேக்குது சார். கீச்சுன்னு இருக்கற மேல்சத்தம்தான் போயிருக்கு. மெதுவான குரல்ல ச, த, ப மாதிரி எழுத்தெல்லாம் உங்க காதுல விழறதே இல்ல. ஆ, ஓ மட்டும்தான் விழும். மத்ததை நீங்க ஆளோட வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறீங்க. சின்ன வயசுலேர்ந்தே பட்டறைச் சத்தத்துல இருந்திருக்கீங்க, இது ரொம்ப வருஷமாவே இருக்கும்."

"எனக்கா?" என்று அவர் சிரித்தார்.

இரண்டு காதிலும் கருவி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது செருப்புக்குக்கூடச் சத்தம் இருந்தது. அவருக்கு ஒரே குஷி. குளிக்கக்கூட இல்லை. நேராகப் போய்ச் சாம்பல் தண்ணீர் சிடியைப் போட்டு மூன்றாவது பாட்டை வைத்தார்.

முதலில் பின்னால் யாரோ மணலைக் கொட்டியது மாதிரி கேட்டது. திரும்பிப் பார்த்தார், யாரும் இல்லை. டிரம்ஸில் இருக்கிற பித்தளைத் தட்டு அது. இத்தனை காலம் அந்தப் பாட்டில் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அப்புறம் குரல் வந்தது.

போய்விடு என்றது குரல், சுத்தத் தமிழில். எழுப்பாமல் போய்விடு. நீ இல்லாத வீட்டைத்தான் தினம் தினம் கனவு காண்கிறேன்.

சிடி மாறிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். அதேதான். திரும்பவும் போட்டார். திரும்பவும் அதையே சொன்னது, எழுத்து எழுத்தாக.

"இதுல வார்த்தை இருக்கு!" என்று மகளிடம் ஓடினார்.

"ஆமாம்ப்பா. சோகமான பிரிவுப் பாட்டுதானே. சின்ன வயசுலேர்ந்து கேக்கறேனே." அவள் முகம் மாறியது. "உங்களுக்கு... தெரியாதா?"

அப்போதுதான் கடையிலிருந்து வந்த மனைவி வாசலில் பையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"எது?"

"இந்தப் பாட்டுல சொல்றது."

"தெரியாம என்ன, நான் என்ன செவிடா?" என்றவள் அவர் காதில் இருந்த கருவியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க கேட்டதே இல்லையா? ஒரு வார்த்தைகூடவா?"

"சத்தியமா இல்ல."

"கல்யாணமான புதுசுல நான் கேட்டேன். இந்தப் பாட்டு ஏன் இவ்வளவு பிடிக்குதுன்னு. என் மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுதுன்னீங்க."

தான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. புதுப் பெண்டாட்டியிடம் மனசைத் திறந்து காட்டிவிட்டோம் என்று அன்றைக்கு எத்தனை பெருமையாக இருந்தது!

"வேலைக்கு ஏன் போனேன்னு நினைச்சீங்க?" என்றாள் அவள். "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் கிடையாது. என்னிக்காவது வாயைத் திறந்தே 'போ'ன்னு சொல்லிட்டா, கையில ஒரு பிழைப்பு இருக்கணும்னுதான்."

என் வீட்டுக்காரி கெட்டிக்காரி, தன் காலில் நிற்கிறவள் என்று பட்டறையில் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பயம் உட்கார்ந்திருந்ததா?

"அப்பவே சண்டை போட்டிருக்கலாமே?" என்றார்.

"எப்படிப் போடறது? பாட்டு 'போ'ங்குது. அது முடிஞ்ச கையோட நீங்க வந்து, சாப்டியா, கால் வலிக்குதான்னு கேக்கறீங்க. எதை நம்பறதுன்னு தெரியல. அப்புறம் இவ பொறந்தா. பழகிப்போச்சு. இப்ப யாரைத் திட்டறதுன்னே தெரியல. உங்களையா, உங்க காதையா, அந்தப் பாட்டுக்காரியையா?"

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எதற்கென்று கேட்பது? செய்த தப்பு ஒன்றுமில்லை, ஆனால் ஒருத்தி இத்தனை காலம் அழுதிருக்கிறாள்.

கொஞ்ச நாள் வீட்டில் பாட்டே இல்லை. மாலையில் வந்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். வேறு எதையெல்லாம் இப்படி விட்டிருப்போம் என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மருந்துக்கடைப் பஞ்சை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு, மேலே உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "போடுங்க, நீங்க கேட்டதை நானும் கேக்கறேன்."

போட்டார். அவர் காதில் ஒவ்வொரு சொல்லும் சுள்ளென்று குத்தியது. அவள் கண்ணை மூடியிருந்தாள். பாட்டு தீர்ந்த பிறகுதான் பஞ்சை எடுத்தாள்.

"தண்ணிக்குள்ள யாரோ தாலாட்டற மாதிரி இருக்கு."

"அதேதான்! அதைத்தான் நான்..." அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கோபம் போகல. போக நாளாகும்."

"ஆகட்டும்" என்றார் அவர்.

அவள் மறுபடியும் பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடச் சொல்லிக் கை காட்டினாள்.